ஒன்பது மரை

பனிவண்டியின் முன்பக்க ஸ்பிரிங்கை இரண்டு சுற்றுத் தளர்த்த நாற்பது விநாடி போதும். செய்ததை வாய்விட்டுச் சொல்லத் தவமணிக்குப் பதினாறு நாள் பிடித்தது.

மறைக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. சொல்லும்படி ஒன்றும் நடந்துவிடவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். நாமக்கல்லில் பன்னிரண்டு வருஷம் லாரிக்கு அடியில் படுத்து ஸ்பிரிங் பட்டா மாற்றியவள், இப்போது அண்டார்டிக்காவின் தலைமை முகாமில் பனிவண்டிகளுக்கு ஒரே மெக்கானிக். வந்த புதிதில் எல்லோரும் "குளிரலையா?" என்று கேட்டு உயிரை வாங்கினார்கள். "நாமக்கல்லுல ஒருத்தரும் வேர்க்கலையான்னு கேட்டதில்லீங்க" என்றாள். அதோடு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியும் பனியை நம்ப முடியாத காலம் அது. மேலே பார்த்தால் கல்யாண மண்டபத் தரைபோல இருக்கும். அடியில் அறுபது அடிக்குப் பிளவு வாயைத் திறந்து வைத்திருக்கும். முன்பெல்லாம் ஒரு வரைபடம் போட்டால் இரண்டு வருஷம் தாங்கியது. பனி இளகுகிற வேகத்தில் இப்போது இரண்டு மாதம் தாங்கினால் அதிசயம். அதனால் எந்தப் பயணத்துக்கும் முன்னால், பனிக்கு அடியில் இருப்பதைக் கேட்கும் 'காது' என்ற கருவி பொருத்திய பனிவண்டியில் ஒருவர் போய்ப் பாதை கீறிவிட்டு வர வேண்டும். அவர் வரைபடத்தில் கீறிய பச்சைக் கோட்டின் மேல்தான் மற்றவர்கள் உயிரை வைத்துப் போவார்கள்.

பதினோரு கோடையாகப் பாதை கீறுகிறவர் இசக்கிமுத்து. வள்ளியூர்க்காரர், வயது ஐம்பத்திரண்டு. காதுள்ள வண்டியின் முன்பக்கம் கல்லாக இறுகியிருக்க வேண்டும் என்பது விதி. பனி தருகிற ஒவ்வொரு அடியும் நேராக ஓட்டுகிறவரின் முதுகெலும்புக்கு வரும். ஐந்து கோடைக்கு மேல் யாரும் தாங்குவதில்லை. இவர் தாங்கினார், அல்லது தாங்குவதுபோல் நடந்துகொண்டார்.

பதினாறு நாளுக்கு முன்பு, ஏழாம் எண் வண்டியோடு கிழக்கு முகாமுக்குக் கிளம்புகிற காலையில், அவர் பட்டறைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டார். தவமணி வந்து கீழே உட்கார்ந்து கட்டிவிட்டாள்.

"இடுப்புங்களாண்ணா?"

"ஒண்ணுமில்ல தாயி. படுத்தது சரியில்ல."

"பொய் சொல்றப்ப உங்க வலது கை இடுப்புக்குப் போவுதுங்க."

இசக்கிமுத்து கையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது. "டாக்டர்ட்ட வாயத் தொறந்துராத. இந்தக் கோடை ஓடிட்டுன்னா போதும். அடுத்த வருசம் வரலன்னு நானே எழுதிக் கொடுத்துருவேன். நடுவுல தூக்கி விமானத்துல போட்டாங்கன்னா அது வேறல்லா?"

அது வேறுதான் என்று தவமணிக்கும் தெரிந்தது. முகாமின் வரைபடத்தில் பாதி இந்த மனிதர் கீறியது. அவரை உடைந்த சாமானைப்போல அனுப்பிவைத்துவிடுவார்கள்.

"முன்பக்கத்த ரெண்டு சுத்து எளக்கி விடட்டுங்களா? யாருக்கும் தெரியாதுங்க."

அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுந்து எரிபொருள் கேனைத் தூக்கப் போய்விட்டார். தவமணி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

யாருக்கும் தெரியாது என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இறுக்கிய இடத்திலெல்லாம் குறுக்கே ஒரு கோடு போடுவது அவள் பட்டறை வழக்கம். பெயிண்ட் இங்கே சரிப்படாது என்று சிவப்பு நெயில் பாலிஷ். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிற திருகு வளையத்திலும் அது உட்கார்ந்திருக்கிற தண்டிலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்திருப்பாள். வளையம் அசைந்தால் கோடு உடையும், யார் பார்த்தாலும் தெரியும். ஆனால் சரியாக முழுச் சுற்றாகத் திருகினால் கோடு பழையபடி நேராக வந்து நிற்கும். அப்போது உண்மையைச் சொல்ல மரைதான் உண்டு, தண்டில் வெட்டியிருக்கிற திருகு வரி. வளையத்துக்கு மேலே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ண வேண்டும். இசக்கிமுத்துவின் எண்பத்தொரு கிலோவுக்கு ஒன்பது மரை. நாமக்கல் பட்டறையில் மரையை எண்ணாமல் ஸ்பேனரைத் தூக்கியவனை டீ வாங்க அனுப்பிவிடுவார்கள். இங்கே எண்ணுகிற பழக்கம் அவள் ஒருத்திக்குத்தான்.

இரண்டு பக்கமும் எண்ணினாள். ஒன்பது, ஒன்பது. இரண்டு முழுச் சுற்றுத் தளர்த்தினாள். ஏழு, ஏழு. கோடு நேராக நின்றது.

அன்று சாயங்காலம் ரேடியோவில் கேட்டாள். "வண்டி எப்பிடிங்கண்ணா போவுது?"

"மெத்தையில போன மாதிரி இருக்கு தாயி."

வந்த நாளிலிருந்து தவமணி அப்படி நிம்மதியாகத் தூங்கியதில்லை.

கிழக்கு முகாமில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் இருந்தார்கள். அவர்களை ஏற்றிவர, இசக்கிமுத்து கீறிய கோட்டின் மேலேயே ஜெரோம் ரொட்ரிகோ பத்து டன் இழுவை வண்டியைக் கொண்டுபோனான். போகும்போது வண்டி காலி. பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு போக எரிபொருளும் இருந்தது. திரும்பும்போது ஆட்களும் பனிக்கட்டி மாதிரிகளுமாக முழுப் பாரம். சுற்றி வர எரிபொருள் கிடையாது, பள்ளத்தாக்கு வழியாகத்தான் வர வேண்டும். அதற்காக அந்த வழியையும் இசக்கிமுத்து முன்பே கீறி வைத்திருந்தார். ஏழாம் எண் வண்டியை ஸ்லெட்ஜில் ஏற்றிக்கொண்டு ஐந்து பேரும் கிளம்பியிருந்தார்கள்.

பதினாறாம் நாள் மதியம் தவமணி தேநீர்க் குவளையோடு வரைபட அறைக்குள் போனாள். முகாம் தலைவர் நஸ்ரீன் திரையின் முன் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாணியம்பாடிக்காரர், பனியைப் பற்றிப் படித்தவர், சிரிக்கிற நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்று சிரித்தார்.

"பாருங்க தவமணி. பள்ளத்தாக்குல நாப்பது கிலோமீட்டர். ஒரு சிவப்புப் புள்ளி கூட இல்ல. போன வருஷம் இதே இடத்துல பதினாலு பிளவு. எனக்கே நம்ப முடியல."

தவமணி திரையைப் பார்த்தாள். பச்சைக் கோடு குழந்தை கிழித்த கோடுபோல ஒரு தடையும் இல்லாமல் ஓடியது. குவளையை மேசையில் வைத்தாள்.

"எப்பங்க பள்ளத்தாக்குக்குள்ள எறங்குறாங்க?"

"ரெண்டு மணி நேரத்துல. ஏன்?"

சொன்னால் இசக்கி அண்ணன் வீட்டுக்குப் போவார். தானும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். சொல்லாமல் இருந்து, ஒன்றும் ஆகாமலும் போகலாம். இந்தக் கணக்கையெல்லாம் அவள் போட்டாள், போடவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தக் கோட்டின் மேல் ஐந்து பேர் வருகிறார்கள். அவள் சொல்லிவிட்டாள். இடுப்பு வலியையும் சேர்த்து, எதையும் விடாமல் சொன்னாள்.

நஸ்ரீன் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "காது எப்படி வேலை செய்யுதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க. சறுக்குப் பலகை பனியத் தட்டுது. அடியில கெட்டியா இருந்தா ஒரு அதிர்வு, பொத்தலா இருந்தா வேற அதிர்வு. அது ஷாக் அப்சார்பர் வழியா ஏறிக் காதுக்குப் போவுது. ஸ்பிரிங் எளகியிருந்தா பாதிய அதுவே முழுங்கிடும். மேலாப்புல இருக்கற பிளவு கேக்கும். ஆழத்துல இருக்கறது கேக்காம போயிடும்."

"தெரிஞ்சும் செஞ்சீங்க."

"அவரு குனிய முடியாம நின்னாருங்க. அது மட்டுந்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது."

நஸ்ரீன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தவமணிக்கு இருந்தது. அவர் ரேடியோவை எடுத்து, பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே நிற்கச் சொன்னார். ஏன் என்று ஜெரோம் கேட்டதற்குச் சுருக்கமாகச் சொன்னார். பிறகு இசக்கிமுத்துவைக் கூப்பிட்டார்.

"ஏழாம் வண்டியோட முன்பக்கத்தைத் தவமணி தளர்த்தினாங்களா? உங்களுக்குத் தெரியுமா?"

இரைச்சலுக்கு நடுவே இசக்கிமுத்துவின் குரல் வந்தது.

"தெரியும் மேடம். தளர்த்தினது உண்மைதான்."

"அப்போ உங்க கோட்டை நம்பி பத்து டன் வண்டிய நான் கீழ இறக்க முடியாது. திரும்பவும் கீறணும். அந்த வண்டி உங்க எடைக்கு வச்சது, வேற எடைக்கு மாத்தணும்னா காதையும் சேர்த்து இங்க பட்டறையிலதான் முடியும். அங்க ஓட்டத் தெரிஞ்ச இன்னொருத்தர் ஜெரோம் அறுபது கிலோ, அவர் உக்காந்தா காது தப்பாக் கேக்கும். குறையற எடைக்கு மூட்டைய வச்சுக் கட்டினா, முதல் பள்ளத்துலயே குப்புறக் கவுந்துரும்." நஸ்ரீன் ரேடியோவை வாய்க்கு நெருக்கிப் பிடித்தார். "உங்க இடுப்பு தாங்குமா?"

"தாங்கும் மேடம்."

தாங்காது என்று அந்த அறையில் இருந்த இருவருக்கும் தெரியும். வேறு வழி இல்லை என்பதும் தெரியும். நஸ்ரீன் ரேடியோவைத் தவமணியின் பக்கம் நகர்த்தினார்.

ஜெரோமின் குரல் வந்தது. "அக்கா, அண்ணாச்சியால குனிய முடியல. ஸ்பேனர் எங்கிட்டதான் இருக்கு. எத்தன சுத்து திருகணும்?"

"ரெண்டு. ரெண்டு பக்கமும் ரெண்டு முழுச் சுத்து. கோடு நேரா வந்து நிக்கணும்."

"சரிக்கா."

ஸ்பேனர் உலோகத்தில் பட்டு எழுப்பிய ஓசை ரேடியோவிலேயே கேட்டது. ஜெரோம் மூச்சுவாங்கினான். "ரொம்ப இறுக்கமா இருக்குக்கா."

"குளிருல அப்பிடித்தான் இருக்கும். விடாத."

அது முடிந்ததும் இசக்கிமுத்து பேசினார். "தாயி, வேற ஏதாவது பாக்கணுமா?"

"வேற ஒண்ணும் இல்லீங்கண்ணா. பாத்துப் போங்க."

"நல்லா யோசிச்சுக்கோ."

"இல்லீங்கண்ணா."

"சரி தாயி."

நாற்பது கிலோமீட்டரை மூன்றரை மணி நேரத்தில் முடிக்கலாம். இசக்கிமுத்துவுக்கு ஆறு மணி நேரம் ஆயிற்று. தவமணியும் நஸ்ரீனும் திரையைவிட்டு நகரவில்லை. பழைய பச்சைக் கோட்டின் மேலே புதுக் கோடு எறும்பாக ஊர்ந்தது. நான்கு தரம் நின்றது. நிற்கும்போதெல்லாம் தவமணி அவளறியாமல் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கடைசி இரண்டு கிலோமீட்டரில் இருபது நிமிஷம் அசைவே இல்லை. பிறகு ஊர்ந்து, அக்கரை விளிம்பில் போய் நின்றது. ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

பின்னால் வந்து சேர்ந்த ஜெரோம் ரேடியோவில் கூப்பிட்டபோது அவன் குரல் அவனுடையதாகவே இல்லை. "அண்ணாச்சிய நாங்கதான் வண்டியிலேர்ந்து தூக்குனோம். கால் இருக்கிறதே தெரியலங்காரு."

மறுநாள் எல்லோரும் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். முகாம் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் இரண்டு முள்ளெலும்பு நொறுங்கியிருப்பதாகச் சொன்னார். இனி அவர் நடப்பது கஷ்டம் என்றார். விமானம் அடுத்த நாள் காலையில் வரும்.

நஸ்ரீன் தவமணியை வரைபட அறைக்குக் கூப்பிட்டு, இரண்டு கோடுகளின் அதிர்வையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டினார். ஆறுதலுக்காகத்தான் காட்டினார்.

"முடியளவு வித்தியாசம் இல்ல. பள்ளத்தாக்கு நிஜமாவே நல்லா இருந்திருக்கு. நீங்க தளர்த்தினது எதையும் கெடுக்கல. அதையாவது மனசுல வச்சுக்கங்க."

தவமணி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். பத்தடி நடந்ததும் நின்றாள். இளகிய ஸ்பிரிங்கும் இறுகிய ஸ்பிரிங்கும் ஒரே அதிர்வைக் கொடுக்காது. பிளவு இருந்தாலும் கொடுக்காது, இல்லாவிட்டாலும் கொடுக்காது. படித்தவருக்கு அது தோன்றாமல் போகலாம். ஸ்பிரிங்கோடு பிழைத்தவளுக்குத் தோன்றாமல் எப்படிப் போகும்?

அவள் பட்டறைக்கு ஓடினாள். ஏழாம் எண் வண்டி மூலையில் நின்றது. முன்பக்கத்தில் அப்பியிருந்த பனியைக் கையாலேயே வழித்தாள். சிவப்புக் கோடு நேராக இருந்தது. வளையத்துக்கு மேலே விரல் நகத்தை வைத்து மரையை எண்ணினாள்.

பதினொன்று.

அடுத்த பக்கம் போய் எண்ணினாள். பதினொன்று.

அவள் ஏழில் விட்டாள். ஜெரோம் இரண்டு சுற்று இறுக்கினான். ஒன்பதுதான் இருக்க வேண்டும். பதினொன்று இருக்கிறது என்றால், ஜெரோம் ஸ்பேனரை வைத்தபோதே அது ஒன்பதில் இருந்திருக்கிறது. ஒன்பதுக்கு மேலே இறுக்கினால் காதுக்குக் கூடுதலாக ஒன்றும் கேட்காது. கூடுதல் அடி முழுவதும் உட்கார்ந்திருப்பவருக்குத்தான். நாற்பது கிலோமீட்டர், ஆறு மணி நேரம். தவமணி வண்டியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மருத்துவ அறையில் இசக்கிமுத்து மல்லாக்கப் படுத்திருந்தார். தலையைத் திருப்ப முடியாததால், அவள் கட்டிலுக்கு மேலே குனிந்து அவர் கண்ணுக்கு நேராக நின்றாள்.

"எப்பங்கண்ணா இறுக்குனீங்க?"

"எண்ணிட்டியா?"

"எண்ணிட்டனுங்க."

"முகாம் கண்ணுக்கு மறைஞ்ச உடனேயே இறுக்கிட்டேன் தாயி. டூல் பெட்டியில ஒரு ஸ்பேனர் கெடந்துது, பனியில மண்டி போட்டு இறுக்குனேன். பின்னால ஆள் வாராங்கல்லா? நான் சொகுசாப் போயிட்டு அவங்கள எப்பிடிக் கூட்டியாறது?"

"மெத்தையில போன மாதிரின்னு சொன்னீங்களே."

"நீ ஆசையாச் செஞ்சத வேண்டாம்னு எப்பிடிச் சொல்ல?"

"அன்னிக்கு ரேடியோவுல சொல்லியிருக்கலாமுல்லீங்கண்ணா. 'நான் அப்பவே இறுக்கிட்டேன்'னு ஒரு வார்த்த. ஒரே வார்த்த."

"சொன்னா யாரு நம்புவா? இடுப்பு போனத மறைச்சவன். வண்டியத் தளர்த்துனது தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தவன். திரும்பப் போகணும்னதும், 'போக வேண்டாம், நான் எப்பவோ இறுக்கிட்டேன்'னு சொல்லுதான். நீ மேடமா இருந்தா அதக் கேட்டு அஞ்சு பேர பள்ளத்துல எறக்குவியா?"

அவளும் இறக்கியிருக்க மாட்டாள்.

"நீ தளர்த்துனப்பவும் நான் இறுக்குனப்பவும் கோடு நேராத்தான் நின்னுது" என்றார் இசக்கிமுத்து. "அதுல என்ன சாட்சி இருக்கு? மரைதான் சாட்சி. எத்தன மரை இருக்கணும்னு நீ சொன்னாத்தான் எடுபடும். ஸ்பேனர வைக்கதுக்கு முன்னால எண்ணுன்னு நீ ஜெரோம்ட்ட சொல்லுவேன்னு காத்துக்கிட்டே இருந்தேன் தாயி. பட்டறைக்குள்ள வந்தா அதத்தான நீ மொதல்ல சொல்லுவ? அவன் எண்ணியிருந்தா ஒம்பதுன்னு சொல்லியிருப்பான். நான் சொன்னா சாக்கு. அவன் சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

"வேற ஏதாவது பாக்கணுமான்னு கேட்டீங்க..."

"கேட்டேன். ரெண்டு தரம் கேட்டேன்."

அவர் குரலில் துளிக் குற்றம் இல்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னார். தவமணியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"பதட்டத்துல மறந்துட்ட. மனுசந்தான" என்றார் அவர். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "பூட்ஸக் கழட்டி விடேன். கால்ல கிடக்கா, கழட்டிட்டாங்களான்னு தெரியல."

பூட்ஸை நேற்றே கழற்றியிருந்தார்கள். "இதோ கழட்டறனுங்கண்ணா" என்று சொல்லி, அவள் அவர் வெறுங்காலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

விமானம் காலையில் வந்து போய்விட்டது. நடந்ததையெல்லாம் தவமணி எழுதிக் கொடுத்தாள். ஒன்பது, ஏழு, ஒன்பது, பதினொன்று என்று எண்களையும் எழுதினாள். நஸ்ரீன் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு, தான் எழுதி வைத்திருந்த அறிக்கையில், ஓட்டுநரின் பாதை நம்பத் தகுந்ததல்ல என்ற வரியை அடித்து நீக்கினார். உங்களை அனுப்ப வேண்டும், ஆனால் கோடை முடியும் வரை வேறு மெக்கானிக் கிடையாது என்றார். தவமணிக்கு அது மன்னிப்பாகத் தெரியவில்லை.

மறுநாள் வடக்கே ஒரு பாதை கீற வேண்டியிருந்தது. ஏழாம் எண் வண்டியை ஜெரோமின் எடைக்கு மாற்றச் சொல்லி உத்தரவு. அறுபது கிலோவுக்கு ஆறு மரை. ஜெரோம் குளிருக்கான உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு பட்டறை வாசலில் நின்றான்.

தவமணி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வளையத்துக்கு மேலே நகத்தை வைத்தாள். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினாள். பதினொன்றில் நின்றாள். அடுத்த பக்கம் போய் எண்ணினாள். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"எண்ணியாச்சுல்லாக்கா?" என்றான் ஜெரோம்.

"இங்க வா" என்றாள் தவமணி. "நீ எண்ணிச் சொல்லு."